தற்-17

காலாண்டின் கடைசி நாளன்று நானூற்றுப் பன்னிரண்டு குடும்பங்களின் வீட்டுச் சீட்டிலிருந்து ஹர்ஷவர்தன் ஒரு வரியை அழித்தார். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. கேன்டீனில் போண்டா சூடாக வந்திருந்தது, அவ்வளவுதான்.

பேரரசனுக்கு வைக்கிற பெயர். அவர் பிறந்த காலத்தில் தெருவுக்கு நான்கு ஹர்ஷவர்தன்கள் இருந்தார்கள். அவர்களில் ஒருவரும் எதையும் ஆண்டதாகத் தகவல் இல்லை. இவர் ஆலங்கரை மாவட்ட ஆவண அச்சு அலுவலகத்தில் இரண்டாம் நிலைப் பக்க வடிவமைப்பாளர். வயது ஐம்பத்து மூன்று. தலையில் முடி இல்லை. முதல் நிலைக்குப் போகும் வாய்ப்பும் கிட்டத்தட்ட முடியோடு சேர்ந்தே போய்விட்டது.

அச்சு அலுவலகம் என்று பெயரே ஒழிய, அங்கே அச்சேறுவது எதுவும் இல்லை. காகிதம் ஒழிந்து ஒரு தலைமுறை ஆகிவிட்டது. பிறப்புச் சான்று முதல் வீட்டுச் சீட்டு வரை எல்லாமே உயிர்த்தாள். பார்க்கக் காகிதம் போலத்தான் இருக்கும். ஆனால் தினமும் விடியும்போது தன் வரிகளைத் தானே புதிதாகக் கோத்துக்கொள்ளும். ஒரே வாசகம் ஆயிரம் தாளில் வருகிறதென்றால் அதை ஆயிரம் தடவை எழுத மாட்டார்கள். அதற்குச் சின்னதாக ஒரு பெயர் வைத்து, இந்தப் பெயருக்கு இதுதான் வாசகம் என்று அலுவலகத்தில் ஓரிடத்தில் வரையறுத்துவிடுவார்கள். மேக்ரோ என்பது அதுதான். தாளில் இருப்பது பெயர் மட்டும். வாசகம் விடியும்போது வந்து உட்கார்ந்துகொள்ளும்.

பெயர் வைப்பதில் ஊழியர்களுக்குச் சுதந்திரம் உண்டு. சொத்துத் தகராறு வாசகம் ஒன்றுக்கு யாரோ தன் மாமியார் பெயரை வைத்திருந்தார். எங்கேயும் முடியாமல் சுற்றிச் சுற்றி வருகிற ஒரு வாசகத்துக்கு 'முறுக்கு' என்று பெயர். அவசரத்துக்கு உண்டாக்குகிறவை மட்டும் 'தற்' என்று தொடங்க வேண்டும். தற்காலிகம் என்று அர்த்தம். காலாண்டின் கடைசி நாளில் 'தற்' எல்லாவற்றையும் துடைத்துவிடுவது வழக்கம். ஒவ்வொன்றையும் திறந்து பார்த்துவிட்டுத் துடைக்க வேண்டும் என்பது விதி. விதிக்கும் வழக்கத்துக்கும் அந்த அலுவலகத்தில் நல்ல பழக்கம் இருந்ததில்லை.

அன்று பட்டியலில் அறுபத்தொன்று இருந்தன. ஹர்ஷவர்தன் எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்து ஒரே தட்டில் துடைத்துவிட்டு, சட்னி தீர்வதற்குள் கீழே போனார்.

ஐந்தாம் நாள் அவருக்குப் பாராட்டு வந்தது. 'தங்கள் சீரமைப்பால் 412 ஆவணங்கள் இரண்டு பக்கத்திலிருந்து ஒரு பக்கமாகக் குறைந்துள்ளன' என்று திரையில் எழுத்து ஓடி, ஓரத்தில் ஒரு பூங்கொத்தும் விரிந்தது. பணியில் சேர்ந்து இருபத்தெட்டு வருடத்தில் அவருக்கு வந்த இரண்டாவது பாராட்டு. அவர் பூங்கொத்தை மூடிவிட்டு, அந்த 412 எவை என்று தேடினார்.

முதல் பாராட்டு பத்து வருடங்களுக்கு முன்னால் வந்தது. அதுவரை, வரையறை இல்லாத மேக்ரோ தாளில் இருந்தால் அந்த இடத்தில் சிவப்பாக ஒரு கோடு விழும். மக்கள் பயந்துபோய் அலுவலகத்துக்கு ஓடி வந்தார்கள். கோட்டை எடுத்துவிட்டு, இடைவெளியும் தெரியாமல் வரிகளை இழுத்து மூடிவிடலாமே என்று யோசனை சொன்னவர் ஹர்ஷவர்தன். எண் போட்ட விதி காணாமல் போனால் அடுத்த எண் மேலே ஏறிக்கொள்ளும். தாள் எப்போதும் முழுசாக, அழகாக இருக்கும். அந்த யோசனைக்குச் சட்டம் போட்ட சான்றிதழ் கொடுத்தார்கள். இப்போதும் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது.

நானூற்றுப் பன்னிரண்டும் கடல் நகர்வுக் குடியிருப்பின் வீட்டுச் சீட்டுகள். கடல் உள்ளே வந்த வருடம், கரையோரச் சனத்தைப் பழைய டயர் தொழிற்சாலை மைதானத்துக்குக் கொண்டுவந்து குடிவைத்தார்கள். ஆறு மாதத்துக்கு என்று சொன்னார்கள். அவசர வேலை, அதனால் அதன் வாசகம் தற்-17 ஆயிற்று. ஆறு மாதம் இருபத்திரண்டு வருடமாக நீண்டது. தற்காலிகத்தை நிரந்தரமாக்க வேண்டுமானால் மேலே யாராவது கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் குடியிருப்பை நிரந்தரம் என்று சொல்லும் தாளில் கையெழுத்துப் போட மேலே ஒருவரும் தயாராக இல்லை. ஆகவே, துடைக்கும் வேலையைப் பார்த்துவந்த இம்தியாஸ் ஒவ்வொரு காலாண்டும் அந்த ஒன்றை மட்டும் விட்டுவிட்டுத் துடைத்திருக்கிறார். எண்பத்தேழு தடவை. அதை எங்கேயும் எழுதி வைக்கவில்லை. போன மாதம் பேருந்து நிறுத்தத்தில் நின்றபடியே இருதயம் நின்று போய்விட்டார். அவருடைய நாற்காலி, திரை, துடைக்கும் வேலை எல்லாம் ஹர்ஷவர்தனுக்கு வந்தன. அந்த ஒன்றை விட்டுவிட வேண்டும் என்பது மட்டும் வரவில்லை.

அலுவலகத் தலைவி தன்ஷிகா மேடம் சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தார்.

"மேடம், தற்-17 போயிடுச்சு."

"எங்க போச்சு?"

"நான்தான் அழிச்சேன்."

"சரி, திரும்ப எடுத்து வச்சிடுங்க."

"அழிச்சதை எடுக்க முடியாது மேடம். எங்கயாவது இருந்தா அது அழிச்சது இல்ல, ஒளிச்சு வச்சது. அப்படி வைக்கக் கூடாதுன்னு சட்டம்."

"அந்தச் சனங்க போட்டோ எடுத்து வச்சிருப்பாங்க."

"உயிர்த்தாளைப் போட்டோ எடுத்தா வெள்ளையாத்தான் விழும். கள்ளச்சீட்டுக்குப் பயந்து நாமதானே அப்படிப் பண்ணோம்."

மேடம் ஒரு சுளையை வாயில் போட்டுக்கொண்டு யோசித்தார். "டயர் மைதானம்தானே. அங்கதான் தண்ணி ஆலை வரப்போகுது. கடல்தண்ணியைக் குடிதண்ணி ஆக்குறது. இன்னும் ஒன்பது நாள்ல நில ஆணையம் விசாரணை. யாரும் ஆட்சேபிக்கலன்னா, அன்னைக்குச் சீட்டுல என்ன இருக்கோ அதுதான் செல்லும். அதை வச்சுத்தான் இருக்கலாமா, காலி பண்ணணுமான்னு சொல்லுவாங்க." நிமிர்ந்து பார்த்தார். "என்ன வரி அது?"

"உங்களைக் கேக்கலாம்னு வந்தேன்."

"நான் வந்தே மூணு வருஷம் ஆகுது. நல்ல வரியாத்தான் இருக்கும். வீட்டுச் சீட்டுல வேற என்ன எழுதுவாங்க?"

"விசாரிச்சுத் திரும்ப வரையறுத்துடட்டுமா?"

"பண்ணலாம். ஆனா ஒண்ணு. புதுசா வரையறுத்தா சம்பந்தப்பட்ட எல்லாருக்கும் தகவல் போகும். குடியிருப்புக்கும் போகும், ஆலைக்கும் போகும், ஆணையத்துக்கும் போகும். உங்க பேரோட போகும். தகவல் போன நிமிஷத்துலேர்ந்து விசாரணை முடியற வரைக்கும் பூட்டு. நானே நினைச்சாலும் தொட முடியாது."

"அழிச்சப்ப யாருக்கும் தகவல் போகலையே மேடம்."

"அழிக்கிறதுக்கு யாரு தகவல் அனுப்புவா?"

"அப்ப, பண்ணட்டுமா வேணாமா?"

"உங்க மனசுக்கு எது சரின்னு படுதோ அதைப் பண்ணுங்க," என்றார் மேடம். பிறகு தோலைச் சேர்த்து எடுத்துக்கொண்டு கை கழுவப் போனார். அன்று அவர் திரும்பி வரவில்லை.

குடியிருப்பு ஊருக்கு மேற்கே இருந்தது. பன்னிரண்டு கட்டடங்கள், நாலு மாடி வீதம். மொட்டை மாடிகளில் மீன் காய்ந்தது. வாசலில் ஒரு தகரக் கொட்டகையில், குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர் கனிஷ்கா ஆட்டோ பேட்டரி ஒன்றைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நாற்பத்தாறு வயது இருக்கும். கை முழுக்கக் கருப்பு மை.

ஹர்ஷவர்தன் மன்னிப்புக் கேட்பதை வீட்டில் கண்ணாடி முன்னால் மூன்று தடவை ஒத்திகை பார்த்திருந்தார். இங்கே வந்ததும் முதல் வாக்கியமே மறந்துவிட்டது.

"உங்க சீட்டுல ஒரு வரி போயிடுச்சும்மா. நான்தான் தெரியாம..."

"தெரியும் சார்."

"தெரியுமா?"

"எங்க வீட்டுச் சீட்டு எங்களுக்குத் தெரியாதா? ஆறு நாளாச்சு." அவள் பேட்டரியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "எப்படி சார் எல்லாத்துலயும் ஒரே நாள்ல போச்சு? நாங்க எல்லாரும் ஒண்ணாவா தப்புப் பண்ணோம்?"

"உங்க தப்பு இல்லம்மா. அந்த வரி உங்க சீட்டுல எழுதியே இல்ல. 'இந்த இடத்துல தற்-17'ன்னு மட்டும்தான் இருக்கும். தற்-17ன்னா என்னன்னு எங்க ஆபீஸ்ல ஓரிடத்துல இருக்கும். தினம் விடியக்காலையில உங்க சீட்டு எங்களைக் கேட்டுக்கும்."

"இப்பவும் கேக்குதா?"

"கேக்கும். நாங்க ஒண்ணும் சொல்ல மாட்டோம்."

"எப்பவும் போலத்தான்," என்றாள் கனிஷ்கா.

அவருக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரிக்காததால் அதை இருமலாக மாற்றிக்கொண்டார். சீட்டை வாங்கிப் பார்த்தார். எட்டு விதிகள். படிக்கட்டில் ஆடு கட்டக் கூடாது. சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. தண்ணீர்த் தொட்டியில் வலை அலசக் கூடாது. எட்டும் கூடாதுகள். எட்டாவதுக்குக் கீழே கையெழுத்து. ஒன்பதாவதாக ஒன்று இருந்ததற்கு ஒரு சுவடும் இல்லை. வேலை அவ்வளவு சுத்தம். எட்டுக் கூடாதுகளை அடுக்கிவிட்டு, தலைப்பில் 'வசிப்பிட உரிமைச் சீட்டு' என்று போட்டிருக்கிறார்கள். அப்படியானால் உரிமை எங்கே? போன அந்த ஒரு வரியில்தான் இருந்திருக்க வேண்டும். ஹர்ஷவர்தன் இந்த முடிவுக்கு வர அரை நிமிடம் ஆனது. அதிலிருந்து அவர் கடைசிவரை இறங்கவில்லை.

"அந்த வரி என்னன்னு சொன்னீங்கன்னா, விசாரணைக்கு முன்னால திரும்பப் போட்டுடுவேன்."

கனிஷ்கா கையைத் துணியில் துடைத்துக்கொண்டாள். துடைக்கத் துடைக்க மை பரவியதே தவிரப் போகவில்லை. "போடலன்னா என்ன சார் ஆகும்?"

"போடலன்னா இப்ப இருக்கிற மாதிரியேதான் இருக்கும். அதுதானேம்மா கஷ்டம்."

"ம்," என்றாள். "எனக்குச் சரியா ஞாபகம் இல்ல சார். ரோஹித் தாத்தாவைக் கேட்டுப் பாருங்க."

ரோஹித் தாத்தா இரண்டாம் கட்டடத்தின் நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். டீ வரவழைத்தார். முறுக்கு வரவழைத்தார். தன் முழங்கால் வலியைப் பற்றி வெகு விரிவாகச் சொன்னார்.

"அந்த வரி தாத்தா?"

"இருந்துச்சு தம்பி. கடலைப் பத்தி என்னமோ வரும். கடல் திரும்பிப் போற வரைக்கும்னு வரும்னு நினைக்கிறேன்."

"திரும்பிப் போற வரைக்கும் இங்க இருக்கலாம்னா?"

"அப்படியும் இருக்கலாம்."

"வேற எப்படி இருக்கும்?"

"டீ ஆறுது பாருங்க," என்றார் தாத்தா.

நாலு நாள் விடுப்புப் போட்டுவிட்டு ஹர்ஷவர்தன் பன்னிரண்டு கட்டடமும் ஏறி இறங்கினார். மூன்று தலைமுறை என்று வரும் என்றாள் ஒருத்தி. ஏதோ ஒரு தேதி இருந்தது என்றான் இன்னொருவன். எனக்குப் படிக்கத் தெரியாது என்று சொன்ன ஒருவர், அவர் இறங்கும்போது மாடியில் நின்று அலைபேசியில் செய்தி படித்துக்கொண்டிருந்தார். எல்லோரும் கடைசியில் கனிஷ்கா கேட்ட அதே கேள்வியைத்தான் கேட்டார்கள்: போடாவிட்டால் என்ன ஆகும்? எப்போதும் போல அவரும் அதே பதிலைச் சொன்னார். கேட்டுக்கொண்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வையை அவர் கவனித்தார். மனம் விட்டுப்போன சனத்தின் பார்வை என்று எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு வீட்டிலும் டீ கொடுத்தார்கள். மோசம் போன மனிதர்கள், மோசம் செய்தவனுக்கு டீ போட்டுக் கொடுக்கிறார்களே என்று நினைத்து, ஒவ்வொரு டம்ளரையும் கடைசிச் சொட்டுவரை குடித்தார். மூன்றாம் நாள் ஏழாம் கட்டடத்தில் ஒரு குழந்தை அவர் மடியில் வந்து உட்கார்ந்துகொண்டு, இறங்கமாட்டேன் என்றது. அதோடு ஆள் முழுசாகக் கரைந்துவிட்டார்.

விடுப்பு முடிந்த மறுநாள் வீட்டில் மனைவி அவந்திகா கேட்டாள்.

"என்ன எழுதுறதுன்னு தெரிஞ்சுதா?"

"ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. பாவம், பயந்துபோயிருக்காங்க. சரியான வாசகம் இனிமே கிடைக்காது. நானாத்தான் எழுதணும்."

"நீங்க எழுதினா அதுக்குப் பேரு என்ன?"

"மோசடி."

"வேலை போயிடாதா?"

"போகும். அவங்க வீடு இருக்கும்."

அவந்திகா கொஞ்ச நேரம் அவரையே பார்த்தாள். இருபத்தைந்து வருடத்தில் அவள் அப்படி ஒரு பார்வை பார்த்ததில்லை என்று அவருக்குத் தோன்றியது. அதில் பாதி மரியாதை. மீதிப் பாதி என்னவென்று கேட்க அவருக்குத் துணிவில்லை.

எழுத மூன்று மணி நேரம் ஆனது. வாழ்க்கை முழுக்க அடுத்தவர் வாசகத்துக்கு ஓரம் நறுக்கியவர், முதல் தடவையாகச் சொந்தமாக ஒரு வரி எழுதினார். 'இக்குடும்பத்தினரும் இவர்தம் வழித்தோன்றல்களும் இவ்விடத்தில் நிலையாக வசிக்கும் உரிமை உடையோர்.' வாய்விட்டுப் படித்துப் பார்த்தார். வழித்தோன்றல்கள் என்ற இடத்தில் குரல் கம்மியது. தன் எழுத்துக்குத் தானே கண் கலங்குகிற ஆளைப் பார்த்தால் அவருக்கு எப்போதும் சிரிப்பு வரும். அன்று வரவில்லை.

விசாரணைக்கு இரண்டு நாள் இருந்தது. காலையில் அலுவலகம் போனதும் தற்-17 என்ற பெயரை மறுபடி உண்டாக்கினார். பிறகு ஒரு யோசனை வந்து, 'தற்' என்பதை எடுத்துவிட்டு 'நிலை-1' என்று பெயர் மாற்றி, நானூற்றுப் பன்னிரண்டு சீட்டிலும் அதைப் பொருத்தினார். அடுத்த தடவை போண்டாவுக்கு ஓடுகிறவன் கையில் இது சிக்கக் கூடாது. பொத்தானை அழுத்தினார். தகவல் எல்லாத் தரப்புக்கும் போய்விட்டதாகத் திரை சொன்னது. பூட்டு விழுந்தது. மேசையைத் துடைத்துவிட்டு, ராஜினாமா எழுதி தன்ஷிகா மேடத்தின் மேசையில் வைத்துவிட்டு நேரே குடியிருப்புக்குப் போனார். பேருந்தில் நின்றுகொண்டே போனார். உட்காரத் தோன்றவில்லை.

கனிஷ்காவின் கொட்டகையில் பத்துப் பதினைந்து பேர் நின்றிருந்தார்கள். ரோஹித் தாத்தா முழங்காலைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்திருந்தார். கனிஷ்கா கையில் அலைபேசி இருந்தது.

"தகவல் வந்துடுச்சாம்மா?" என்றார் ஹர்ஷவர்தன். "சொல்லலாம்னுதான் ஓடி வந்தேன். போட்டுட்டேன். நிலையா இருக்கலாம்னே போட்டுட்டேன். வழித்தோன்றல்களும் சேர்த்து."

ஏழாம் கட்டடத்துக் குழந்தையின் அம்மா, குழந்தையை இடுப்பிலேற்றிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

"படிச்சோம் சார்," என்றாள் கனிஷ்கா. "ஆலைக்கும் போயிருக்கும்ல?"

"எல்லாருக்கும் போகும். அதான் முறை."

"ஆணையத்துக்கும்."

"ஆமாம்மா."

"மறுபடி அழிக்க முடியுமா?"

"முடியாது. பூட்டியாச்சு. யாரும் கை வைக்க முடியாது, பயப்படாதீங்க." சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் குரல் தானாகவே தணிந்தது. "ஏம்மா, அழிக்கணுமா?"

கொட்டகைத் தகரத்தில் ஒரு காக்கை வந்து உட்கார்ந்து நடந்து போனது, எல்லோருக்கும் கேட்டது. ஹர்ஷவர்தன் தாத்தாவைப் பார்த்தார். தாத்தா தரையைப் பார்த்தார்.

"கனிஷ்கா," என்றார். முதல் தடவையாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். "மேடத்தைக் கேட்டேன், நல்ல வரியா இருக்கும்னாங்க. தாத்தாவைக் கேட்டேன், டீ குடுத்தார். பன்னிரண்டு கட்டடமும் ஏறினேன். ஒருத்தரும் நேரா ஒரு வார்த்தை சொல்லல. எனக்கு வேலை போச்சு. அது பரவாயில்ல. நான் என்ன பண்ணியிருக்கேன்னு மட்டும் சொல்லுங்க. அந்த வரி என்ன?"

கனிஷ்கா அலைபேசியைப் பேட்டரி மேல் கவிழ்த்து வைத்தாள். பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி, ஏற்ற இறக்கம் இல்லாமல் சொன்னாள்.

"'அரசு கோரும் நாளில், எவ்வித மறுப்பும் இழப்பீடும் இன்றி, மேற்படி வீட்டைக் காலி செய்து ஒப்படைக்கச் சம்மதிக்கிறோம்.' அதான் சார் வரி. இங்க அஞ்சு வயசுப் பிள்ளைக்குக் கூடத் தெரியும். நீங்க அழிச்ச மறுநாள் காலையில, சீட்டை எடுத்து வச்சுக்கிட்டு நாங்க ஒருத்தரும் பேசல. பேசினா திரும்பி வந்துடுமோன்னு பயம். யாருக்கும் தகவல் போகல, யாருக்கும் ஞாபகம் இல்ல. இன்னும் ரெண்டு நாள் நீங்க சும்மா இருந்திருந்தா, எட்டு வரியோட போய் நின்னிருப்போம். இப்ப நீங்க இல்லாத ஒண்ணைப் போட்டீங்க. இங்க முன்னாடி என்ன இருந்துச்சுன்னு ஆலைக்காரன் கேப்பான். ஆணையத்துல கேப்பாங்க. எங்களைச் சத்தியம் பண்ணச் சொல்லிக் கேப்பாங்க சார். நாங்க சொல்லித்தான் ஆகணும்."